நீலாவதிக்குப் பேச்சு வராத மாதம்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலையை எல்லோரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். சூளையிலிருந்து வந்த பொம்மை வெள்ளை வெளேரென்று மொட்டையாக இருக்கும். கண் ஒன்று நேராகவும் மற்றது ஒருச்சாய்ந்தும் போய்விட்டால் கிருஷ்ணர் மாறுகண் கிருஷ்ணர் ஆகிவிடுவார். நீலாவதி எழுதிய கண் அப்படிப் போனதில்லை. கை பாட்டுக்குக் கோடு இழுக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் யார் எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்குமுன் பதில் வந்து விழும். சூப்பர்வைசரே ஒருநாள், இந்த அம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவன் உண்டா என்று சிரித்திருக்கிறார்.

எண்பத்தேழாம் வருஷம் அவளுக்குக் கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. புருஷன் கோவிந்தராசு வேறொரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். சூளை மூட்டிவிட்டால் ஆளை வெளியே விடமாட்டார்கள். அதனால் சேத்தியாத்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் தம்பி பழமலைதான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். தைராய்டில் கேன்சர் என்று சொல்லிச் சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். பிறகு அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுத்துத் தனி அறையில் அடைத்து வைத்தார்கள். இந்தக் கேன்சர் அடங்கி இருக்கிற ஜாதி, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை, சாகிறவரைக்கும் போட்டாக வேண்டும். விட்டால் நோய் முழித்துக்கொள்ளும், உடம்பும் அணைந்த அடுப்பாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

அணைந்த அடுப்பு எப்படி இருக்கும் என்பதை அவள் மறு வருஷமே பார்த்துவிட்டாள். நோய் மிச்சம் இருக்கிறதா என்று படம் பிடிக்க ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த மாதம் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். முதலில் குளிர் வந்தது, பிறகு முகம் உப்பியது, குரல் தடித்து ஆம்பளைக் குரலானது. யாராவது எதையாவது கேட்டால், கேட்டது காதில் விழுந்து, உள்ளே போய், பதிலாகத் திரும்பி வருவதற்குள் கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எண்ணம் எல்லாம் பீங்கான் மண்ணைக் கரைத்து வைத்த தொட்டிக்குள் நடக்கிற மாதிரி நடந்தது. படம் பிடித்து, மறுபடி மாத்திரையைத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சரியாயிற்று. கோவிந்தராசு அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியபோது ஊர்தான் தேறவில்லை. கம்பெனியில் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பொது டம்ளரை அவள் எடுத்துக் குடித்த பிறகு ஒருத்தியும் தொடவில்லை. கேன்சர் தொத்து நோய் இல்லை என்று அவள் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலாளி நல்ல மனுஷன் மாதிரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார். வீட்டில் புருஷனின் அக்கா காசியம்மாள் இருந்தாள். புருஷன் செத்துத் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அவள் நீலாவதிக்கு என்று ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கினாள். ஆறு வயது மகள் வெண்பாவைப் பக்கத்தில் படுக்க விடாமல் இழுத்துத் தன்னோடு போட்டுக்கொண்டாள்.

கருவேப்பிலங்குறிச்சி அருக்காணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நீலாவதிக்குப் புத்தி அந்தப் பக்கம் ஓடியது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நீலாவதியும் காசுக்காகத்தான் போகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். காசும்தான். ஆனால் தான் யார், தன் கழுத்தில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும் என்கிற வெறிதான் அவளை முன்னால் தள்ளியது. வேலூர் டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார். மாத்திரையை வெயிலில் வைக்கக் கூடாது, ஒருநாளும் விடக் கூடாது, வருஷம் திரும்பினால் இங்கே வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி, இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். மெட்ராஸ் ஏஜெண்டு கழுத்துத் தழும்பைப் பார்த்து இழுத்தான். கழலை எடுத்தது என்று சொன்னாள். பாதி உண்மை அது.

எண்பத்தொன்பது கடைசியில் இரண்டு பெண்களும் விமானம் ஏறினார்கள். மாத்திரை டப்பாக்களை நீலாவதி ஒரே இடத்தில் வைக்கவில்லை. கைப்பையில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், பாவாடை மடிப்புக்குள் ஒரு பொட்டலம். குவைத்தில் சுங்கக்காரன் ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். வைட்டமின் என்று சொல்லச் சொல்லியிருந்தான் ஏஜெண்டு. அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் படித்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தான், போகச் சொன்னான்.

வேலை பெரிய வீட்டில். எசமானியை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். அந்த வார்த்தை அவள் வாயில் பழக ஒரு வாரம் ஆனது. தலைத்துணி கழுத்தையும் சேர்த்து மூடிவிட்டதால் தழும்பு யார் கண்ணிலும் படவில்லை. அவள் படுக்கிற அறை அடுப்பாகக் காய்ந்தது. அதனால் டப்பாவைக் குளிர்ந்த சாமான் அறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். நோன்பு மாதத்தில் வீடே விடியுமுன் எழுந்து சாப்பிட்டது. அவர்கள் எழுவதற்கு முன் எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒருநாள் எசமானி டப்பாவைக் கண்டுபிடித்து, டாக்டராக இருந்த தன் கொழுந்தனிடம் காட்டினாள். தொண்டைச் சுரப்பிக்கான மருந்துதான், பயமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எசமானியே கேட்டுக்கொண்டாள், தீர்ந்தால் சொல், வாங்கித் தருகிறேன் என்று. மாத்திரை விஷயத்தில் சொந்த வீட்டைவிட அந்த வீடு மேல் என்று நீலாவதிக்குத் தோன்றியதுண்டு.

தொண்ணூறாம் வருஷம் வெயில் உச்சத்தில் அந்தக் குடும்பம் லண்டனுக்குப் போனது. போகும்போது நீலாவதி டப்பா அடியில் மிச்சம் கிடந்த மாத்திரைகளைக் காட்டினாள். திரும்பி வரும்போது லண்டனிலிருந்தே நல்ல மருந்தாக வாங்கி வருகிறேன் என்றாள் எசமானி. பாஸ்போர்ட்டும் டாக்டர் கடிதமும் எசமானியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

ஆகஸ்டு பிறந்ததும் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் வந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் வேலை செய்த அருக்காணி மதில் ஓரமாக ஓடிவந்து நீலாவதியோடு சேர்ந்துகொண்டாள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் காரில் ஏறிச் சவூதிப் பக்கம் போய்விட்டார்கள். கதவைத் தாளிட்டுக்கொண்டு இரண்டு பேரும் இருந்த அரிசியைப் பொங்கித் தின்றார்கள். நீலாவதி இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினாள், ஒன்றை அரையாக்கினாள். தெருவில் சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் மருந்துக் கடை தேடிப் போனார்கள். பெரிய கடைகள் சூறையாடிக் கிடந்தன. ஒரு சின்னக் கடையில் பாலஸ்தீனத்துக் கிழவர் ஒருவர் தரையில் குவிந்து கிடந்த கண்ணாடிச் சில்லுக்கு நடுவே உட்கார்ந்து மருந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நீலாவதி தலைத்துணியை விலக்கித் தழும்பைக் காட்டி மருந்தின் பேரைச் சொன்னாள். அவர் தேடி எடுத்து ஒரே ஒரு டப்பாவை அவள் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஊர் போய்ச் சேருகிறவரைக்கும் அது போதும்.

ஆனால் அது ஊர் வந்து சேரவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பதில் இந்தியத் தூதரகம் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, இந்தியர்களை ஏற்றிக்கொண்டு பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போகிற பஸ்ஸில் இடம் பிடித்தார்கள். வழியில் ஒரு சாவடியில் சிப்பாய்கள் எல்லோருடைய பையையும் தரையில் கொட்டினார்கள். சோர்ந்துபோன ஒரு சிப்பாய் மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். நீலாவதி கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, எனக்கும்தான் வலி என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துவிட்டு, டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் வயிற்று வலிக்கு அது ஒரு துளியும் கேட்காது. அதை அவனுக்குப் புரியவைக்க அவளிடம் பாஷை இல்லை.

எல்லையைத் தாண்டியதும் பாலைவனத்தில் கூடாரம் போட்ட முகாம். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஜனம். விமானத்துக்கு முறை வர நாளாகும் என்றார்கள். முன்பு ஒருமுறை பார்த்துவிட்டதால், வரப்போவது என்ன என்று நீலாவதிக்கு நன்றாகத் தெரியும். மூளை நல்லபடியாக இருக்கும்போதே அருக்காணியிடம் சொல்லிவைத்தாள். நான் மந்தமாகிவிடுவேன், பேச்சு வராது, பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விடாதே என்றாள். அருக்காணி விடவில்லை. கூடாரத் துணி தொட்டால் சுடுகிற நடுப்பகலில் நீலாவதி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பாள். அருக்காணி தண்ணீர் லாரிக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்று இருவர் பங்கையும் வாங்கி வருவாள். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊட்டுவாள். கூட்டம் நெருக்கினால் இரண்டு பேர் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள். கூடப் பிறந்தவளும் அப்படிப் பார்க்கமாட்டாள்.

மருத்துவக் கூடாரத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டர் இருந்தார். நீலாவதி திக்கித் திக்கி மருந்தின் பேரைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முழங்கையைத் தட்டிப் பார்த்தார், கண் இரப்பையைத் தூக்கிப் பார்த்தார். இங்கே பேதிக்கு மருந்து உண்டு, காய்ச்சலுக்கு உண்டு, இது இல்லை, உங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், போனதும் வாங்கிக்கொள் என்று சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ் தெரிந்த வடக்கத்தியான் ஒருத்தன் அதை அரைகுறைத் தமிழில் மாற்றிச் சொன்னான். சீட்டை அருக்காணி வாங்கி நீலாவதியின் ரவிக்கைக்குள் சொருகினாள்.

விமானத்தில் இடம் கிடைத்தபோது செப்டம்பர் கடைசி. பம்பாயில் இறங்கியது, பொட்டலச் சோறு, ரயில் எல்லாம் நீலாவதிக்குப் புகை மூட்டத்துக்குள் நடந்தவை. எழும்பூரில் அருக்காணியின் அண்ணன் வந்து காத்திருந்தான். அருக்காணி நீலாவதியை விருத்தாசலம் போகிற வண்டியில் ஏற்றி, எதிர் சீட்டில் இருந்த பெரியவரிடம் இறக்கிவிடச் சொல்லிவிட்டு அண்ணனோடு போனாள். ஜன்னல் வழியாக நீலாவதியின் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் போனாள்.

தந்தி கிடைத்து ஜங்ஷனுக்கு வந்த கோவிந்தராசு அவளை அடையாளம் தெரியாமல் ஒருமுறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். ஊதிய முகம், தடித்த உதடு, பாதிக்கு மேல் திறக்காத கண். அவன் பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டான். அவள் அழவில்லை. அழுகை உள்ளே எங்கேயோ புறப்பட்டு வந்துகொண்டிருந்தது, கண்ணுக்கு வந்து சேரவில்லை. புருஷன் அழுகிறான், இவள் மரம் மாதிரி நிற்கிறாள் என்பதை அங்கே நின்ற நாலு பேர் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் குவைத்திலிருந்து வந்த பெண்களைப் பற்றி டீக்கடைகளில் பேச்சாய்க் கிடந்தது. ராணுவம் புகுந்த ஊர், தனியாக இருந்த பொம்பளைகள் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மீதியை மற்றவர்கள் பேசாமலே பேசிக்கொள்வார்கள். கோவிந்தராசுவின் காதுக்கும் அது வந்தது. வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில்தான் கேட்டான்.

"அங்க ஒனக்கு என்னா ஆச்சி? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. நான் ஒண்ணும் பண்ணமாட்டன்."

கேள்வி அவளுக்குப் புரிந்தது. பதிலும் இருந்தது. ஒண்ணும் ஆகவில்லை, ஒருத்தனும் என்னைத் தொடவில்லை, மருந்து இல்லாமல் போனதுதான் எனக்கு வந்த கேடு, அதை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள். நாக்கு வாய்க்குள் பொருந்தாமல் கனத்தது. அவன் முகம் அவள் கண் முன்னே மெல்ல மெல்ல மாறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வாசல்வரை போனபிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"மாத்திரை... தீந்துபோச்சி."

அடுப்படியில் இருந்த காசியம்மாள் வெளியே வந்தாள். "என்னா மாத்திரைன்னு கேளுடா," என்றாள்.

நீலாவதிக்கு வயிறும் உப்பித்தான் இருந்தது. மாத்திரை நின்றால் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். மாதவிலக்கும் தாறுமாறாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். வந்த பத்துப் பதினைந்து நாளில் அவளுக்கு உதிரம் கொட்டத் தொடங்கியது. பழைய புடவை கிழித்துக் கிழித்துப் போட்டும் நிற்காமல் கொட்டியது. வயிறு உப்பி வந்தவள், மாத்திரை மாத்திரை என்று முனகுகிறவள், இப்போது உதிரம் கொட்டிக் கிடக்கிறாள். காசியம்மாளுக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. தெருக் குழாயடியில் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாள். பீங்கான் கம்பெனிகள் இருந்த எஸ்டேட் முழுக்க அது போய்ச் சேர அந்த ஒருத்தியே போதும். ரவிக்கைக்குள் இருந்த சீட்டைக் காசியம்மாள் எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், மருந்து வாங்கி வரவில்லை. நீலாவதி பாயில் கிடந்தபடி ஒவ்வொரு நாளும் அவன் கையைப் பார்த்தாள்.

சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு வந்த ஒருத்தர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அக்கா ஊர் திரும்பியிருக்கிறாள் என்பதே பழமலைக்குத் தெரிந்தது. அடுத்த பஸ்ஸுக்கே ஏறி வந்தான். வாசலில் நின்று பார்த்தவனுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தேவைப்படவில்லை.

"ஸ்கேனு எடுக்கறதுக்கு முன்ன எங்க வூட்ல இப்டித்தானக்கா கெடந்த," என்றான். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வர அவனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவன்தான் அன்றைக்கே காரை வைத்து அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். கோவிந்தராசு தடுக்கவில்லை. வெண்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. காசியம்மாள் அதன் தோளில் கை போட்டிருந்தாள்.

முதலில் குளிர் போயிற்று. பிறகு முகம் வடிந்து பழைய முகம் மேலே வந்தது. ஒருநாள் காலையில் தம்பி பெண்சாதி எதையோ கேட்க, கேட்டு முடிக்குமுன் நீலாவதி பதில் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தம்பி பெண்சாதி சிரித்தாள். நீலாவதி அன்றைக்குத்தான் அழுதாள், அத்தனை நாளுக்கும் சேர்த்து.

வேலூர் போய் ரத்தம் சோதித்து, நடந்தது இன்னது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு முன் விருத்தாசலம் வந்தாள். கோவிந்தராசு முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். கிழவர் கொடுத்த டப்பா, சிப்பாய் பிடுங்கியது, முகாம், டாக்டர் சீட்டு, எதையும் விடவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் உதிரம் ஏன் கொட்டும் என்பதையும் கூச்சப்படாமல் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி முழுவதும் கேட்டான். டாக்டர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டான்.

"இப்ப தண்ணியா கொட்ற," என்றான். "நான் கேட்டப்ப ஒரு வார்த்த வரல. ஊருக்குப் போயி மூணு மாசம் உக்காந்து யோசிச்சிட்டு வந்து, கோர்வையா சொல்ற."

அந்தச் சீட்டு உங்கள் சட்டைப் பையில்தானே இருந்தது, ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டாள். அதற்கு அவன் மறைக்காமல் பதில் சொன்னான். மருந்துக் கடை வரைக்கும் போனானாம். கடை வாசலில் கம்பெனி ஆட்கள் நின்றிருந்தார்களாம். இது எதுக்குண்டான மாத்திரை என்று கடைக்காரன் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று திரும்பி வந்துவிட்டானாம். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை அவளால் மன்னிக்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள் போலிருந்தது.

ஒரு சாட்சி இருக்கிறாளே என்று அங்கிருந்து நேராகக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனாள். அருக்காணி அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், தேறிவிட்டாயே என்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே கூட்டிப் போய் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை விருத்தாசலத்துக்கு வந்து, கடைசிவரை நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம் என்று மட்டும் சொல் என்று நீலாவதி கேட்டாள். அருக்காணி எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள்.

"நான் முகாமுல இருந்தன்னே இங்க யாருக்கும் தெரியாது நீலா. எங்க வூட்டு எசமானியோட சவூதிக்குப் போயி அங்கேர்ந்து பிளேன்ல வந்தன்னு சொல்லியிருக்கறன். எங்கண்ணன்தான் அப்டி சொல்லச் சொன்னாரு. எம்புருசனும் அதத்தான் நம்பிக்கிட்டு இருக்குது."

"எனக்கு ரொட்டி ஊட்டுனது நீதான அருக்காணி."

"நான்தான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒங்கூட இருந்தன்னு சொன்னா, ஒன்னக் கேக்கறத என்னையும் கேப்பாங்க."

நீலாவதி டீயைக் குடித்து முடித்தாள். குடிக்காமல் எழுந்தால் கோபம் என்று ஆகிவிடும், கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. பாலைவனத்தில் அவளைத் தூக்கிச் சுமந்த கை அது. அதே கை இப்போது அவளைக் கதவுக்கு வெளியே விடுகிறது. பஸ் நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்றாள் அருக்காணி. பார்த்துவிடப் போகிறார்கள், வேண்டாம் என்று நீலாவதிதான் சொன்னாள்.

மறு வருஷம் வேலூரில் படம் பிடித்தபோது நெஞ்சில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. மருந்து விட்டுப்போன மாதங்களால்தான் அது வந்ததா என்று கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். மறுபடி அயோடின் குடித்தாள். அதற்காக மறுபடி ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தித் தம்பி வீட்டு உள்ளறையில் கிடந்தாள். புள்ளி கரைந்தது.

கோவிந்தராசு உறவைத் தீர்த்துவிடவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதை அவன் பெருந்தன்மை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று வெண்பாவைப் பார்ப்பாள் நீலாவதி. முதலில் ஓடிவந்த பிள்ளை, பிறகு நடந்து வந்தது, பிறகு தோழிகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தைப் பார்த்த பிறகு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்றில் பஹ்ரைனுக்குப் போனாள். இத்தனைக்குப் பிறகு எப்படித்தான் துணிகிறாயோ என்று தம்பி கேட்டான். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். இந்தத் தடவை போனதும் முதல் வேலையாக, எந்தெந்த மருந்துக் கடையில் தன் மாத்திரை கிடைக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு வேண்டியதை எப்போதும் கையிருப்பில் வைத்தாள். பாஸ்போர்ட்டை எசமானியிடம் கொடுத்தாலும் டாக்டர் கடிதத்தைக் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் விடுப்பில் வேலூருக்குக் காட்ட வந்திருந்தபோது வெண்பா பெரியவளாகிவிட்டாள் என்று பழமலைக்குச் சேதி வந்தது. தாய்மாமன் இல்லாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் காசியம்மாளே ஆள் அனுப்பியிருந்தாள். மாமன் சீரோடு வரச் சொல்லு, அவன் அக்கா வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பழமலை கொதித்தான், போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். நீலாவதிதான் அவனைக் கிளப்பினாள். சிதம்பரம் போய் அரக்குப் பட்டு ஒன்று எடுத்தாள். பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த சங்கிலியை அதன்மேல் வைத்தாள். பதினோரு தட்டுக்குப் பழமும் பூவும் வளையலும் அவளே அடுக்கிக் கொடுத்தாள். தம்பியும் தம்பி பெண்சாதியும் வேனில் ஏறிப் போனார்கள்.

அவர்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நீலாவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெண் எப்படி இருந்தாள் என்று கேட்டாள். ஒன்னயே உரிச்சி வச்சிருக்குதுக்கா என்றாள் தம்பி பெண்சாதி. பட்டு அவளுக்கு எடுப்பாக இருந்ததாம். எவ்வளவு அழகான பட்டு, யார் எடுத்தது என்று ஒருத்தி கேட்டாளாம். மாமன் எடுத்தது என்று காசியம்மாள் முந்திக்கொண்டு சொன்னாளாம்.

"புள்ள எதாச்சும் கேட்டுச்சா?" என்றாள் நீலாவதி.

பழமலை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். தம்பி பெண்சாதி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கூட்டமா இருந்துச்சிக்கா," என்றான் அவன். "பேசறதுக்கு நேரமே இல்ல."

சரி, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு நீலாவதி அரிசியை உலையில் போட்டாள். அந்த மாதக் கடைசியில் விடுப்பு முடிந்து விமானம் ஏறினாள்.